ரெண்டு தடவை கிளம்பிய பஸ்

அன்றைக்கு ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் இருந்தவர்கள்: மந்திரி, கலெக்டர், யூனியன் சேர்மன், புது பஸ்ஸின் டிரைவர், கண்டக்டர், முந்திரிக்கொட்டை மூட்டையோடு முன்னாடியே ஏறி உட்கார்ந்துவிட்ட பெண்கள், எதிரே ஃபேன்சி ஸ்டோர்காரர், அப்புறம் கேமராவோடு நான்.

டிவி செய்திக்கு நான் எடுக்கப்போகும் முதல் படம். நல்லா வந்தால் இந்த வட்டாரத்துக்கு என்னையே நிருபராக வைத்துக்கொள்வதாக மெட்ராஸ் ஆபீசில் சொல்லியிருந்தார்கள். வராவிட்டால் பழையபடி கல்யாண வீட்டு போட்டோதான். எட்டாவதோடு நின்றவனுக்கு வேறு யார் வேலை தருவார்கள்?

கையில் கொடுத்திருந்தது ஒரே ஒரு ஃபிலிம் சுருள். மூணு நிமிஷத்துக்குக்கூட வராது. ஆனால் கேமராவைப் பார்த்தால் ஆளாளுக்குத் துண்டைச் சரிசெய்துகொண்டு வந்து நிற்பார்கள். முடியாது என்றால் சண்டை. அதனால் சுருள் மாட்டாமலே கர்ர்ரென்று ஓட்டிக் காட்டி அனுப்பிவிடுவது எங்கள் தொழிலில் வழக்கம். சேர்மனுக்கே நாலைந்து தடவை ஓட்டினேன்.

மந்திரி சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். ரிப்பனை வெட்டினார். எடுத்தேன். பஸ் கும்பகோணம் ரோட்டில் போயே போய்விட்டது. அப்புறம்தான் கேமராவில் எத்தனை அடி ஃபிலிம் ஓடியது என்று காட்டும் முள்ளைப் பார்க்கிறேன், பூஜ்யத்திலேயே நிற்கிறது. சுருள் தோள்பையில், டப்பாவுக்குள், பத்திரமாக.

மந்திரியிடமே போய், "ஐயா, இன்னொரு வாட்டி வெட்டணுங்க" என்றேன்.

"ஏன், நான் சரியா வெட்டலியா?"

"நீங்க நல்லாத்தான் வெட்டினீங்க. நான்தான் படம் புடிக்கலங்க."

அவர் சிரித்துவிட்டார். சேர்மனுக்குத்தான் முகம் மாறியது. "அப்ப என்னைய எடுத்தது?"

"இப்ப சேத்து எடுத்துடுறேங்க."

ஒருத்தர் மொபெட்டில் துரத்திப்போய் பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு வந்தார். ஜன்னலில் ஒரு அம்மா தலையை நீட்டி, "ஏன் தம்பி, இன்னைக்குள்ள கும்மோணம் போவோமா, இல்ல உனக்காவ இங்கனயே சுத்தணுமா?" என்றது.

பழைய ரிப்பனை ஆளுக்கொரு துண்டாகக் கொண்டுபோய்விட்டார்கள். ஃபேன்சி ஸ்டோர்காரர்தான் புதுசு வெட்டிக் கொடுத்தார். "காசு வேணாம் தம்பி. எங்க கடை போர்டு டிவில தெரியணும், அவ்ளோதான்."

"தெரியலன்னா?"

"தெரியலன்னா மூணு ரூபா."

படம் செய்தியில் வந்தது. வேலையும் கிடைத்தது, தலை நரைக்கும் வரை பார்த்தேன். ஆனால் அன்றைக்கு இருந்த பயத்தில் கத்திரிக்கோலை விட்டு நான் கேமராவை நகர்த்தவே இல்லை. மெட்ராசில் டிவி பார்த்த கடைக்காரரின் மச்சான், மந்திரி கையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார். காசை நீட்டினால் கடைக்காரர் வாங்கினால்தானே! "வச்சுக்க தம்பி, அடுத்த மந்திரி வர்றப்ப போர்ட எடு" என்பார். மூணு ரூபா இன்னும் பாக்கி.