லீக்கின் மரியாதை

இன்று கொட்டகலையிலிருந்து ஹட்டன் போகும் பஸ்ஸில், எங்கள் தேயிலைத் தோட்டங்களின் கிரிக்கெட் லீக் செயலாளர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

எங்கள் அணியில் முதலில் இறங்கும் துடுப்பாட்டக்காரன் போன வாரம் மனைவியின் கையை உடைத்துவிட்டான். அந்த அக்கா கொழுந்து பறிக்கிற கை அது. இப்போது கட்டுப் போட்டு லயத்து வீட்டில் இருக்கிறார்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை ஃபைனல்ல அவன் ஆடுறானா?"

"ஆடாம? அது அவங்க குடும்ப விஷயம் தங்கச்சி. நாங்க எப்படித் தலையிடுறது?"

"போன வருஷம் அம்பயரைக் கெட்ட வார்த்தையில திட்டுனவனை சீசன் முழுக்க வெளியே வச்சீங்களே?"

"அது வேற. லீக்குக்குன்னு ஒரு மரியாதை இருக்குல்ல?"

அந்த அக்காவுக்கு நியாயம் கிடைக்க வேண்டுமானால் அவரை அம்பயராக்கத்தான் வேண்டும்போல.

வெள்ளைத் தொப்பி யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.