நெஞ்சைப் பிடிக்காத அக்கா

படம் பார்ப்பதில் எங்கள் தோட்டத்தில் எனக்கு இணை கிடையாது என்று பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான். பதுளைத் தியேட்டரில் பார்த்தது, டிஷ் வந்தபின் வீட்டில் பார்த்தது, இப்போது போனில் பார்ப்பது எல்லாமே தலைக்குள் அப்படியே இருக்கின்றன. எந்தக் காட்சியில் கதாநாயகியின் அப்பா என்ன நிறச் சால்வை போட்டிருந்தார் என்று கேளுங்கள், சொல்வேன். அக்கா அன்று காலை என்ன சொன்னாள் என்று கேட்டால் மட்டும் மறந்துபோச்சு என்பேன். பொய். ஒரு சொல்கூட மறக்கவில்லை.

தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கங்காணி. கொழுந்து பறிக்கிற இருபது பெண்களுக்கு வேலை காட்டுவது என் பொறுப்பு. அவர்களில் என் சொந்த அக்காவும் ஒருத்தி. வேலை நேரத்தில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் நான் துண்டு எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தத் துண்டு இருந்தால்தான் மலையை விட்டு இறங்கி மருந்து எடுக்கப் போகலாம், அரை நாள் சம்பளத்துக்காவது பேர் விழும். அதாவது, யாருக்கு நோய், யாருக்கு நடிப்பு என்று முடிவு கட்டுகிற டாக்டர் நான்தான். படிப்பு எங்கே? எல்லாம் படத்தில்தான்.

படத்தில் இருமினால் கைக்குட்டையில் ரத்தம் வரும். இளம்பெண் மயங்கி விழுந்தால் வயிற்றில் பிள்ளை. மாரடைப்பு பணக்கார அப்பாமாருக்குத்தான் வரும், அதுவும் கெட்ட செய்தி கேட்டதும். இடது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் சரிய வேண்டும். தோட்டத்து லயத்து வீட்டில் இருக்கிற ஒரு மனுஷிக்கு, நின்ற இடத்திலேயே, சத்தமில்லாமல் அது வரும் என்று எந்தப் படமும் எனக்குக் காட்டவில்லை.

அன்று திங்கட்கிழமை. முதல் நாள் பார்த்த சிரிப்புப் படத்தின் குஷி இன்னும் இறங்கவில்லை. காலையிலிருந்து பெண்களிடம் அந்த வசனங்களையே எடுத்துவிட்டுக்கொண்டிருந்தேன். பத்து மணித் தேத்தண்ணி முடிந்து எல்லோரும் தேயிலை நிரைக்கு ஏறும்போது அக்கா என் பக்கத்தில் வந்து நின்றாள். மலையில் அவள் என்னைக் கங்காணி என்றுதான் கூப்பிடுவாள். அன்று அப்படிக் கூப்பிடவில்லை.

"தம்பி, ஒரு துண்டு எழுதிக் குடுப்பா. தாடையெல்லாம் கடுக்குது. முதுகுல கல்லத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு. வேர்த்து வேர்த்து ஊத்துது."

குளிர்காற்று அடித்துக்கொண்டிருந்தது. அவள் நெற்றி முழுக்க வேர்வை. பார்த்தேன், பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நிரையில் நின்ற அத்தனை பேரும் எங்களையே பார்த்தார்கள். அக்காவுக்கு என்றால் கங்காணியின் கை தானாக எழுதும் என்று போன மாதம்தான் ஒருத்தி முகத்துக்கு நேரே சொல்லியிருந்தாள். அது ஞாபகம் வர, எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது.

"தாடை வலிக்கெல்லாம் துண்டு போட்டா மலையில யாரு நிப்பா? பெரிய சீக்குன்னா இப்படில்ல வரணும்!" என்று இடது நெஞ்சைப் பிடித்தேன். கண்ணைச் செருகினேன். தேயிலைச் செடியில் மெல்லச் சாய்ந்து, "மகளே... அப்பா போறேம்மா..." என்று இழுத்தேன்.

நிரை முழுக்கக் குலுங்கிச் சிரித்தது. "ஐயோ கங்காணி, நீங்க இங்க இருக்க வேண்டிய ஆளே இல்ல!" என்றாள் ஒருத்தி. அக்காவும் சிரித்தாள். "சரி விடுங்க கங்காணி" என்று சொல்லிவிட்டு நிரைக்குத் திரும்பினாள்.

பகல் நிறுவைக்குக் கொழுந்தைக் கொண்டு வந்தவள் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு எழும்பவில்லை. விழவும் இல்லை, நெஞ்சைப் பிடிக்கவும் இல்லை. உதடு நீலம் பூத்துப்போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தாள். ஆட்டோ பிடித்துப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

டாக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். "எப்ப தொடங்கினது? ஒருத்தரிட்டயும் சொல்லேல்லையோ?" என்று என்னைத்தான் கேட்டார்.

"இல்லீங்க. எங்ககிட்ட ஒன்னும் சொல்லலீங்க."

கட்டிலில் கிடந்த அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்தாள். "ஆமாங்க, நான்தான் சொல்லலீங்க" என்றாள்.

டாக்டருக்கு ஆத்திரம். "இவ்வளவு நேரம் ஏனம்மா பொறுத்துக்கொண்டு இருந்தனீங்கள்? பொம்பிளையளுக்கு கனபேருக்கு இப்பிடித்தான் வரும், தாடையில, முதுகில. முதலே வந்திருந்தா உங்கட இதயம் இவ்வளவு பழுதாகியிராது." எனக்கு விழ வேண்டிய ஏச்சை, மூச்சு வாங்க முடியாமல் கிடந்தவள் வாங்கிக்கொண்டாள். நான் அவளுடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். சீ, என்ன பிறவி நான்.

அக்கா உயிரோடு வீடு வந்தாள். ஆனால் இனி மலைக்குப் போக முடியாது. பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனால் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறாள். நடந்ததைப் பற்றித் தோட்டத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. அன்று எல்லோரும்தானே சிரித்தார்கள்! இப்போது சுண்டுவிரல் வலிக்கிறது என்று வந்தாலும் துண்டு எழுதிக் கொடுக்கிறேன். நல்ல மனசுக்காரக் கங்காணி என்கிறார்கள். கேட்கும்போது கூசுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டில் படம் ஓடியது. அக்கா வந்திருந்தாள். எல்ல டவுனில் ஹோட்டல் வேலை செய்கிற அவள் மகளும் லீவில் வந்து, அம்மா தோளில் சாய்ந்திருந்தாள். திரையில் ஒரு பெரியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். பிள்ளைக்கு அழுகை வந்துவிட்டது.

"ஏம்மா, மாமா பக்கத்துலயே நின்னாருல்ல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா உன்னத் தூக்கிட்டு ஓடியிருப்பாருல்ல?"

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. படத்தைப் பார்த்தபடியே, "எனக்குச் சொல்லத் தெரியலடி" என்றாள்.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். ரிமோட் என் கையில் இருந்தது. டிவி சத்தத்தைக் கூட்டினேன்.