வேலியில் கட்டிய சீலை

என் மனைவி இறந்த பிறகு அவளுடைய மரக்கறித் தோட்டத்தை ஒருவரும் தொடவில்லை. தேயிலை எஸ்டேட் லய வீடுகளுக்குக் கீழே, ஓடைக்கு இறங்கும் சரிவில், குடும்பத்துக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்த துண்டுகளில் அதுவும் ஒன்று. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் ஐந்தாம் வகுப்போடு கொழும்புக்குப் போய் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் சேர்ந்தவன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்து போவேன். அவள் பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு மாலையில் அந்தத் துண்டில் நிற்பாள். நான் வாசலில் உட்கார்ந்து மேலேயிருந்து பார்ப்பேனே தவிர, ஒரு நாளும் இறங்கிப் போனதில்லை.

கருமாதி முடிந்து கொழும்புக்குத் திரும்பினேன். அங்கே மனம் நிற்கவில்லை. வேலையை விட்டு ஊரோடு வந்தபோது துண்டு முழுவதும் மானாப்புல் இடுப்பளவு நின்றது. கங்காணி வந்து, புதிதாகக் கல்யாணமான ஒரு பிள்ளையும் புருஷனும் அந்த இடத்தைக் கேட்பதாகச் சொன்னார். அவர்களுக்குத் துண்டு இல்லை, கேட்பதில் தப்பில்லை. ஐப்பசி மழைக்குள் துப்புரவாக்கி ஏதாவது முளைக்க வைத்தால் எனக்கு, இல்லாவிட்டால் அவர்களுக்கு என்றார். நாங்கள் இருந்த காம்பராவும் நிர்வாகத்துக்குச் சொந்தம். அவள் கைபட்டது என்று எனக்கு மிஞ்சியிருந்தது அந்த மண்தான். சரி என்றேன்.

பெண்கள் எல்லாரும் கொழுந்து பறிக்க மலைக்குப் போன பிறகுதான் இறங்குவேன். தெரியாத வேலையை நாலு பேர் பார்க்கச் செய்ய எனக்குக் கூச்சம். முதலில் புல்லைக் கொத்தமல்லிக் கட்டை நறுக்குவதுபோல நுனியில் பிடித்து அறுத்தேன். கை கிழிந்ததுதான் மிச்சம், அடுத்த வாரமே அது மறுபடி தலைநீட்டியது. பிறகு மண் கிளறும் இரும்பு முள்ளு வாங்கி வந்து, குத்தி, வேரோடு புரட்டினேன். இரண்டு கால்களிலும் அட்டை. உள்ளங்கைக் கொப்புளம் உடைந்து பிடியில் ஒட்டிக்கொள்ளும்.

ஓரத்தில் கம்புகளைச் சுற்றிக் கொடி படர்ந்து கிடந்தது. இழுத்தபோது அதோடு மக்கிய துணிகளும் வந்தன. பாசியும் மண்ணும் பிடித்து எல்லாம் ஒரே நிறம். யாரோ போட்ட கந்தல் என்று குப்பையோடு குவித்துத் தீ வைத்தேன். நெருப்புப் பிடித்ததும் மேலே இருந்த மண் உதிர்ந்து ஒரு துண்டில் பச்சைக் கரை தெரிந்தது. கரையில் சின்னச் சின்ன மாங்காய். புறக்கோட்டை நடைபாதையில் விலை பேசக் கூச்சப்பட்டு, கேட்டதைக் கொடுத்து நான் வாங்கி வந்த தீபாவளிச் சீலை. தடியால் இழுத்துப் பார்ப்பதற்குள் அது சுருங்கி உருகிவிட்டது. அதற்கடியில் இருந்தவையும் நான் வாங்கித் தந்தவைதான். வருஷா வருஷம் நான் கொடுத்ததெல்லாம் வேலியில் கிடந்திருக்கிறது. உடுத்தப் பிடிக்காமல்தான் கொண்டுவந்து கட்டினாளோ என்று அன்று முழுவதும் மனம் அறுத்தது.

பக்கத்துக் காம்பராப் பெண் என் மனைவியோடு ஒரே நிரையில் கொழுந்து பறித்தவள். வேலை முடிந்து வந்தவள் வெறும் கம்புகளைப் பார்த்து, வேலி எங்கே என்று கேட்டாள். எரித்துவிட்டேன் என்றேன். கூடையை இறக்கி வைத்தாள்.

“பன்னி வருமே அண்ணே. மனுச வாடைக்குத்தான் அது பயப்படும். அதுக்காகத்தான் அண்ணி ஒவ்வொரு சீலையும் நைஞ்சுபோற வரைக்கும் கட்டிட்டு, கடைசியா இங்க கொண்டாந்து கட்டுவாங்க.”

அப்படியானால் உடுத்தியிருக்கிறாள். அந்த நிம்மதி வந்த கையோடு, நான் எரித்தது அவள் உடம்பு வாடை ஏறிய சீலைகளை என்பதும் எனக்கு விளங்கியது.

அந்தப் பெண் கொடுத்த வத்தாளங்கிழங்குக் கொடியைத்தான் நட்டேன். சுற்றிலும் நான் இடுப்பில் உடுத்திய பழைய சாரங்களைக் கட்டினேன். கொடி வேர்விட்டு, இலை விரித்து நின்றது. ஒரு காலையில் போய்ப் பார்த்தால் பாதித் துண்டைப் பன்றி உழுதிருந்தது. சாரத்தில் ஒன்று சேற்றில் மிதிபட்டுக் கிடந்தது. அந்தப் பெண் மலைக்குப் போகிற வழியில் கூடையோடு நின்று பார்த்தாள்.

“ஒங்க சாரத்துல வெங்காய வாடைதானே இருக்கும். ஹோட்டல் தெறந்திருக்குன்னு நெனச்சு வந்திருக்கும்” என்றாள். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அவர்கள் முன்னே நடந்த பிறகு அவள் மட்டும் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“அண்ணி சீலை ஒண்ணும் மிச்சம் இல்லையாண்ணே?”

இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன அன்று காலை அவள் அவிழ்த்துப் போட்ட ஊதா நிறச் சீலை. கருமாதிக்கு மற்றத் துணிகளைக் கொடுத்தபோது அதை மட்டும் துவைக்காமல் தகரப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். பெட்டியைத் திறந்தால் வாடை போய்விடும் என்று பயந்து திறப்பதே இல்லை. கொழுந்து கிள்ளிப் படிந்த தேயிலைப் பாலும் வேர்வையும் கலந்த வாடை அது.

அன்றும் மறுநாளும் பெட்டியைத் தொடவில்லை. மிச்சக் கொடிக்குப் பக்கத்தில் பன்றியின் புதுக் குளம்படி தெரிந்தது. மேலே றிவர்ஸ்டன் மலைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகுதான் சீலையை எடுத்தேன். முகத்தருகே கொண்டுபோகவில்லை. கொண்டுபோயிருந்தால் கட்டியிருக்க மாட்டேன். ஓடைப் பக்கத்து முதல் கம்பில் முந்தானையை முடிந்து, கம்பு கம்பாகச் சுற்றி வந்தேன். பன்றி வரும் பக்கம் முழுவதற்கும் அது போதுமானதாக இருந்தது. மாலையில் கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த பெண்கள் மேலேயிருந்து பார்த்தார்கள்.

பன்றி பிறகு வரவில்லை. உழுத இடத்திலும் கொடி வெட்டி நட்டேன், பிடித்துக்கொண்டது. கங்காணி வந்து சுற்றிப் பார்த்து, நீயே வைத்துக்கொள் என்று சொல்லிப் போனார். அந்தப் புதுப்பிள்ளைக்கு மலைக்கு அந்தப் பக்கம் வேறு இடம் பார்த்திருப்பதாகவும் சொன்னார்.

இப்போது மழை நாள் முழுக்கப் பெய்கிறது. சீலை நனைந்து கம்போடு கம்பாக ஒட்டிக் கிடக்கிறது. ஊதா வெளுத்துக்கொண்டு வருகிறது. தினமும் இறங்கிப் போய்க் களை பிடுங்குகிறேன். வாடை இன்னும் இருக்கிறதா என்று கிட்டப் போய்ப் பார்த்ததில்லை.