புது வால்வும் பழைய கையும்

கொடும்பாளூருக்குக் கிழக்கே ஓர் ஊராட்சியில் நான் டேங்க் ஆபரேட்டர். காலையில் மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பி, நான்கு தெருக்களுக்கும் முறைவைத்து வால்வைத் திறந்துவிடுவது வேலை. தெருவுக்கு நாற்பது நிமிடம். சேர்ந்த அன்றே எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். கைக்கடிகாரம் பார்த்துத்தான் திறப்பேன், மூடுவேன். எங்கள் தெருவுக்குக் கடைசியில்தான் விடுவேன். இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. தலைவரே வந்து கேட்டாலும் ஒரு நிமிடம் கூட்டமாட்டேன் என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டு திரிவேன். அவர் கேட்டதே இல்லை என்பது வேறு விஷயம்.

போன மாசியில் காலனித் தெருவின் வால்வு பழுதாகிப் புதியது மாட்டினார்கள். பழையது ஆறு சுற்றில் முழுதாகத் திறந்துவிடும். கைப் பழக்கத்தில் புதியதையும் ஆறு சுற்றோடு நிறுத்திவந்தேன். ஆனியில் கசிவு பார்க்க வந்த பிட்டர் அதைத் திறந்தார். ஆறு முடிந்தது. ஏழு, எட்டு என்று சுற்றிக்கொண்டே போனார். பதினான்கில்தான் நின்றது. நான்கு மாதம், அதுவும் கோடையில், காலனிக்குப் பாதித் தண்ணீர்தான் போயிருக்கிறது. நிமிடம் மட்டும் சரியாக நாற்பது.

பிட்டரும் நானும் தவிர யாருக்கும் தெரியாது. பேசாமல் இருந்துவிடலாம் என்று இரண்டு நாள் இருந்து பார்த்தேன். சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலனிக் குழாயடிக்குப் போய், அங்கிருந்த பெண்களிடம் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன், திட்டினால் தேவலை என்றும் இருந்தது. நூறுநாள் வேலைக்குப் போகும் ஓர் அம்மா குடத்தை இறக்கிவைத்தார்.

"நாங்க கேக்கலீங்க. எங்களுக்கு இம்புட்டுத்தான் போலன்னு இருந்துட்டோம்."

கோபமே இல்லாமல் சொன்னார். எனக்கு அவமானமாக இருந்தது. என் கடிகாரத்தைப் பற்றி அவர்கள் கேள்விப்பட்டதுகூட இல்லை.

வால்வை முழுதாகத் திறந்தது போக, விட்ட குறையைச் சரிக்கட்ட, எங்கள் தெருவின் நாற்பதில் இருபது நிமிடத்தை எடுத்து மறுநாளே காலனிக்குச் சேர்த்து, குழாயடியிலும் அதைச் சொல்லிவைத்தேன். எங்கள் தெருவில் என் வீடு மட்டும் இல்லை, இன்னும் பதினேழு வீடுகள் இருக்கின்றன என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. நியாயம் செய்கிற வேகத்தில் அடுத்த தப்பு. பங்காளி ஒருவர் வாசலில் வந்து நின்றார்.

"நீ செஞ்சதுக்கு நாங்க ஏன்டா காயணும்?"

என் மனைவி என்னோடு பேச்சையே நிறுத்திவிட்டாள்.

நேரத்தை மாற்றிய நான்காம் நாள் கரண்ட் சரியாக இல்லை. தொட்டி பாதிகூட நிரம்பவில்லை. எங்கள் தெருவரைக்கும் வராது என்பது தெரிந்துபோயிற்று. காலனிக்குத் திறந்துவிட்டு நிமிர்ந்தபோது, மனைவி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு காலனிப் பக்கம் நடப்பதைப் பார்த்தேன். எங்கள் தெருவிலிருந்து யாரும் அங்கே தண்ணீருக்குப் போனதில்லை. சண்டைக்குத்தான் போகிறாள் என்று பயந்து பின்னாலேயே ஓடினேன்.

குழாயடியில் பேச்சு நின்றது. மனைவி குடத்தோடு வரிசைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அன்று பேசிய அதே அம்மாதான் வாய் திறந்தார். குடத்தை வரிசையில் வைக்கச் சொன்னார். யாரும் விலகி முன்னால் விடவில்லை, போகச் சொல்லவும் இல்லை. ஒன்பதாவதாக வைத்தாள். தண்ணீர் மெலிந்துகொண்டே வந்தது. அந்த அம்மா தன் குடம் பாதி நிறைந்ததும் நகர்த்திவிட்டு அடுத்த குடத்தை வைத்தார். பின்னால் வந்தவர்களும் அப்படியே செய்தார்கள். மனைவிக்கும் அரைக் குடம் கிடைத்தது.

பிறகு அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

"அந்த இருவது நிமிசத்த ஒங்க தெருவுக்கே விட்ருங்க. தண்ணியில்லாம கெடக்குறது எப்புடின்னு எங்களுக்குத் தெரியும்."

நான் தலையாட்டினேன். மனைவி குனிந்து, அந்த அம்மாவின் குடத்தை ஒரு கை பிடித்துத் தலைக்கு ஏற்றிவிட்டாள். அதன்பிறகுதான் தன்னுடையதை எடுத்தாள்.