ஐந்து கம்ப்யூட்டருக்கு ஐந்து எண்

எண்பதுகளின் கடைசியில் பாண்டிச்சேரியில் ஒரு சிறிய கம்ப்யூட்டர் கம்பெனியில் எனக்கு வேலை. வெளியூர் வேலைக்குப் பெண்ணை அனுப்ப மேலாளர் தயங்குவார். செஞ்சியிலிருந்து ஒரு ஆர்டர் வந்தபோது மட்டும் யோசிக்காமல் என்னைக் கூப்பிட்டார். எனக்குச் சொந்த ஊர் செஞ்சிக்குப் பக்கத்திலிருக்கும் சிங்கவரம். தங்க இடம் தேட வேண்டியதில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு துணிக்கடை மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திவந்த பாய், அடுத்த அறையில் கம்ப்யூட்டர் வகுப்பு தொடங்கவிருந்தார். மாணவர்களுக்கு நான்கு கம்ப்யூட்டர், அவற்றுக்குப் பொதுவாக ஒரு சர்வர். "சர்வர்னா ஓட்டல்லதானம்மா இருப்பாங்க" என்று பாய் சிரித்தார்.

ஐந்தையும் கேபிளால் இணைத்து, ஒவ்வொன்றிலும் இருந்த நெட்வொர்க் கார்டைச் சரியாக அமைப்பது என் வேலை. கார்டின் ஓரம் பெட்டியின் பின்பக்கம் வெளியே தெரியும். அதில் அரிசி அளவில் எட்டு சுவிட்சுகள். எது மேலே, எது கீழே என்பதைப் பொறுத்து அந்தக் கம்ப்யூட்டருக்கு ஓர் எண் அமையும். ஒரே எண் இரண்டுக்கு வந்தால் மொத்தமும் படுத்துவிடும். சர்வருக்கு ஒன்று, மற்றவற்றுக்கு இரண்டிலிருந்து ஐந்து வரை என்று பேனா முனையால் தள்ளி வைத்தேன். புதன்கிழமை சாயங்காலம் எல்லாம் நன்றாக ஓடியது. அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

வியாழன் மாலை நான்கு மணிக்குத் திறப்பு விழா. தாசில்தார் வருவதாக இருந்தது. காலையில் வந்து சர்வரைப் போட்டேன், வந்தது. அடுத்த கம்ப்யூட்டரைப் போட்டதும் இணைப்பு போயிற்று. அதை அணைத்துவிட்டு வேறொன்றைப் போட்டேன், அப்போதும் அதேதான். கேபிளை முனைக்கு முனை சோதித்தேன். சர்வரைத் திறந்து, கையோடு கொண்டுவந்திருந்த மாற்றுக் கார்டில் ஒன்று என்று வைத்துப் பொருத்தினேன். பயனில்லை.

கீழே துணிக்கடைக்குப் போய்ப் பாண்டிச்சேரிக்கு டிரங்க் கால் போட்டேன். மேலாளர் எரிந்து விழுந்தார்.

"செட்டிங்க தப்பா வெச்சிருப்ப. சர்வர கழட்டி எடுத்துனு வந்துடு. விழாவ தள்ளிப்போடச் சொல்லு."

"நான் வெச்ச செட்டிங் சரிதான் சார். நேத்து ஓடுச்சு. மதியம் வரைக்கும் டைம் குடுங்க."

சொல்லிவிட்டேன். வேலை எனக்குத் தெரியும் என்பதில் அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை. ஆனால் அந்த நம்பிக்கைதான் இரண்டு மணி நேரத்தை விழுங்கியது. நான் வைத்த சுவிட்சுகளை நானே மறுபடி பார்ப்பதா என்று, மற்றதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேறு வழியில்லாமல் கடைசியில் டார்ச்சை எடுத்து மேஜைக்குப் பின்னால் குனிந்தேன். ஐந்திலும் சுவிட்சுகள் ஒரே மாதிரி இருந்தன. எல்லாவற்றிலும் எண் ஒன்று.

"பாய், இத யார் தொட்டது?"

"யாரும் தொடலியேம்மா. காலைல டீச்சர் தொடச்சாங்க, அவ்ளோதான்."

டைப்ரைட்டிங் டீச்சர் கதவோரம் நின்றிருந்தார். பக்கத்து ஊரான அனந்தபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவர். எனக்குப் பத்து வயதாவது மூத்தவர். மாணவர்கள் அடித்த தாளில் மார்ஜின் ஒரு எழுத்து தள்ளியிருந்தாலும் திரும்ப அடிக்கச் சொல்வார்.

"நான்தாம்மா" என்றார். "தூசி தொடைக்கறப்ப பாத்தேன். ஒண்ணொண்ணும் ஒரு தினுசா இருந்துது. அவசரத்துல நீ சரியா வெக்கலியோன்னு, மொத பொட்டி மாதிரியே எல்லாத்தையும் ஹேர்பின்னால தள்ளிட்டேன்."

பாய் முகம் சிவந்தது. "இன்னா டீச்சர் நீங்க..." என்று ஆரம்பித்தார்.

எனக்கும் கோபம்தான். ஆனால் அந்தச் சுவிட்சுகள் எதற்கு என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. எண்ணை எங்கேயும் எழுதி ஒட்டவுமில்லை.

"அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க பாய். நான் எழுதி வெச்சிருக்கணும்" என்றேன்.

டீச்சர் பக்கத்தில் வந்து குனிந்தார். "இதுல அஞ்சுன்னா எப்பிடி வெக்கணும்?"

"மொத சுவிட்சு ஒண்ணு, அடுத்தது ரெண்டு, அதுக்கடுத்தது நாலு. கூட்டிக்கணும்."

"அப்ப மொதலும் மூணாவதும்."

நான் தலையாட்டினேன். அவரே தள்ளினார். மீதியைத் தள்ளியதும் அவர்தான். நான் டார்ச் பிடித்தேன். ஒரு மணிக்கு ஐந்தும் ஒன்றாக ஓடின. டீச்சர் எண்களைச் சின்னச் சின்ன சீட்டில் டைப் அடித்துக்கொண்டுவந்து ஒட்டினார். மேலாளருக்கு மறுபடி போன் செய்து, "செட்டிங் மாறியிருந்துச்சு சார், சரி பண்ணிட்டேன்" என்றேன். யார் மாற்றியது என்று கேட்டார். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

தாசில்தார் ஐந்து மணிக்கு மேல்தான் வந்தார். ரிப்பன் வெட்டி, கேசரி சாப்பிட்டுவிட்டுப் போனார். கம்ப்யூட்டர் பக்கம் அவர் திரும்பவே இல்லை. எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

அடுத்த வருஷம் பாய் இன்னும் இரண்டு கம்ப்யூட்டர் வாங்கினார். கார்டு அமைக்க ஆள் வேண்டாம், டீச்சரே ஆறும் ஏழும் வைத்துவிட்டார் என்று கம்பெனிக்குத் தபால் கார்டு போட்டிருந்தார். மேலாளர் அதை என்னிடம் நீட்டி, "உங்க ஊர்ல எல்லாரும் இப்பிடித்தானா?" என்றார். ஆமாம் சார் என்றேன்.