மார்த்தாண்டம் போன போராட்டம்

கேரள எல்லையோரத்தில் இருக்கும் எங்கள் முக்கிலிருந்து நெய்யாற்றின்கரைக்குப் போய்க்கொண்டிருந்த காலை பஸ்ஸை ஒரு திங்கட்கிழமை யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டார்கள். அதிகம் அடிபட்டது என் அக்காதான். நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடையில் அவளுக்கு வேலை. ஒன்பது மணிக்கு ஷட்டர் தூக்கும்போது ஆள் அங்கே நிற்க வேண்டும். பஸ் நின்ற வாரமே பலமுறை பிந்தினாள். இன்னொரு தடவை பிந்தினால் வரவே வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

அத்தான் பொங்கி எழுந்தார். அதாவது, வாட்ஸப்பில் ஒரு குரூப் தொடங்கினார். அவர் ரப்பர் வெட்டுகிறவர். காலையிலேயே வேலை முடிந்துவிடும், மீதி நாள் முழுக்கப் புரட்சிக்கு நேரம் உண்டு. ஊரே குரூப்பில் சேர்ந்தது. பாதிப் பேர் மலையாளத்திலும் மீதிப் பேர் தமிழிலும் கொதித்தார்கள். இடையிடையே காலை வணக்க ரோஜாக்களும், சர்ச் அசன விருந்து அறிவிப்பும், யாரோ தொலைத்த ஆட்டின் படமும் வந்தன.

மறியல் அன்று முக்குக்கு வந்தவர்களை ஒரு ஆட்டோவில் அடைத்துவிடலாம். மற்றவர்கள் வீட்டிலிருந்தே முஷ்டிப் படம் அனுப்பினார்கள். வந்தவர்களும் ஆளாளுக்குப் போனைத் தூக்கிப் படம் பிடித்ததால் பேனரைப் பிடிக்க ஆளில்லை. டீக்கடைக் கம்பத்தில் கட்டினோம். மறிக்க வண்டியும் வரவில்லை. பஸ் வராததுதானே எங்கள் பிரச்சினை.

அத்தான் ஃபேஸ்புக் லைவ் போட்டு அக்காவை முன்னால் தள்ளினார். மரியாதையாக மலையாளத்தில் நாலு வரி எழுதியும் கொடுத்திருந்தார். எங்கள் பக்கம் மனுவெல்லாம் மலையாளத்தில்தான். கோபம் வந்தால் தமிழ். அக்கா தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"பஸ்சுல ஏற ஆளில்லன்னு சொல்லுதாவ. அப்ப நான் ஆளில்லியா? எனக்க வேல போச்சுன்னா டிப்போக்காரம்மாராக்கும் வந்து கஞ்சி ஊத்தப் போறது?"

வீடியோ தீயாகப் பரவியது. போதாக்குறைக்கு, எந்த இடம் என்று போன் கேட்டபோது எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் உள்ள டவரைப் பிடித்து அது காட்டிய மார்த்தாண்டத்தையே அத்தான் அழுத்தியிருந்தார். நாகர்கோவில் தாண்டியும் பகிர்ந்தார்கள். எங்கள் டிப்போவில் போய்க் கேட்டால், அது தமிழ்நாட்டு விஷயமில்லையா என்றார்கள்.

தமிழ்நாட்டுக்காரர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். அந்தப் பக்கம் எல்லை வரை வந்து திரும்பிக்கொண்டிருந்த அவர்களுடைய பஸ் சீக்கிரமே எங்கள் முக்கு வரை வரத் தொடங்கியது. போராட்டம் ஜெயித்துவிட்டது. ஆனால் பஸ் போனது மார்த்தாண்டத்துக்கு.

அதற்குள் அக்காவின் வேலை போயிருந்தது. அவள் அழுததைப் பார்த்தபோது அத்தானின் போனைப் பிடுங்கிக் கிணற்றில் போடலாம் என்றிருந்தது எனக்கு. பிறகு ஒருநாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பஸ்ஸிலேயே ஏறி மார்த்தாண்டம் போனாள். அங்கே ஒரு துணிக்கடை அம்மா வீடியோவில் பார்த்த முகத்தை அடையாளம் கண்டு, சிரித்து, வேலையும் கொடுத்தார். அங்கேயும் ஒன்பது மணிதான்.

சில மாதம் கழித்து நெய்யாற்றின்கரை பஸ் திரும்பி வந்தது. குரூப் கொண்டாடித் தீர்த்தது. இந்த முறை கூட்டத்துக்குக் குறைவில்லை. பஸ்ஸுக்கு மாலை போட்டு, நடுரோட்டில் நிறுத்தி, டிரைவருக்கு லட்டு ஊட்டினோம். அதற்குப் பின்னால் ஒரு ஹாரன் விடாமல் அலறியது. அதுவும் கொண்டாட்டத்தில் சேர்த்தி என்று நினைத்து நாங்கள் கைதட்டினோம். அக்கா இறங்கி வந்த பிறகுதான் அது மார்த்தாண்டம் பஸ் என்று தெரிந்தது.

"எலே மக்கா, மணி என்னாச்சு தெரியுமா?" என்னிடம்தான் கேட்டாள், கண் அத்தான் மேல் இருந்தது. "இந்த வேலையும் போச்சுன்னா ஒங்க குரூப்பாக்கும் எனக்குச் சம்பளம் தரணும்."

வழி விட்டோம். பஸ் வளைவில் மறைந்ததும் அத்தானின் போன் சிணுங்கியது. அக்கா குரூப்பிலிருந்து வெளியேறிவிட்டாள் என்று அட்மினுக்கு மட்டும் வரும் தகவல்.

"அவளுக்காவத் தொடங்குனதாக்கும், மக்கா," என்றார் அத்தான்.

மாலை போட்ட பஸ் கிளம்பத் தயாரானது. ஏற ஆள் உண்டா என்று கண்டக்டர் கேட்டார். நாங்கள் எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருந்தோம்.