மாலை விலையும் சிதம்பரத்து வீடும்

சகோதரரே, சகோதரிகளே, 2007 ஆகஸ்டில் நம் சபையின் உபவாசக் கூட்டத்தில் நான் சொன்ன சாட்சி உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பங்குச்சந்தையில் எதை, எப்போது வாங்கலாம் என்று கணிக்கும் ஒரு கணினி நிரலைக் கர்த்தர் எனக்குக் கொடுத்தார் என்றேன். நீங்கள் அல்லேலூயா சொன்னீர்கள். அந்தச் சாட்சி தவறு.

நான் கடலூரில் புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆர் என்ற திறந்த மூல மென்பொருள் இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது. அதைக் கொண்டு பழைய பங்கு விலைகளை ஆராய்ந்து அந்த நிரலை எழுதினேன். பத்து வருட விலைகளில் ஓட்டிப் பார்த்தபோது ஏறக்குறைய எல்லா மாதமும் லாபம். சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நன்றி ஜெபம் செய்தேன்.

சிதம்பரத்தில் இருக்கும் என் மனைவியின் தம்பி ஜெயராஜ் அன்று கூட்டத்துக்கு வந்திருந்தான். என் படிப்பை நம்பினானா, சாட்சியை நம்பினானா, தெரியாது. விருப்ப ஓய்வில் வந்த பணத்தில் பாதியை என் நிரல் காட்டிய பங்குகளில் போட்டான்.

டிசம்பரில், அந்த மென்பொருளைப் பயன்படுத்துவோரின் இணையக் குழுவில் என் நிரலை முழுதாகப் போட்டேன். பாராட்டு எதிர்பார்த்தேன். முகம் தெரியாத ஒருவர் பதில் எழுதினார். மாலையில் முடிந்த விலையைப் பார்த்துவிட்டு, அன்று காலையே வாங்கியதாக என் நிரல் கணக்குப் போடுகிறதாம். சரிபார்த்தேன். அந்த ஒரு வரியைத் திருத்தியதும் லாபம் முழுவதும் மறைந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. சாட்சி சொன்ன வாயால் இதை எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டேன். ஜனவரி தொடக்கத்தில் ஜெயராஜ் மீதிப் பணத்தையும் போட்டான். அந்த மாதமே சந்தை விழுந்தது. அதன் பிறகு எனக்கு அழுகை வரவில்லை. பசியும் தெரியவில்லை. ஜெபிக்க முழங்காலில் நிற்பேன், ஒன்றும் வராது.

மார்ச்சில் அவன் போன் செய்தான்.

"மாமா, வெல கொறஞ்சப்ப வாங்கணும்னு உங்க ப்ரோக்ராமே சொல்லுதுல்ல. வூட்ட வித்துடறேன். நாளைக்கி அட்வான்ஸ் வாங்கறேன்."

மறுநாள் காலை சிதம்பரம் பஸ்ஸில் ஏறினேன். ஆலப்பாக்கம் தாண்டும்போது ஜெபம் வந்தது. "ஆண்டவரே, வாயை மட்டும் திறந்துவிடும்." அவ்வளவுதான்.

அவன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்ததும் வாய் திறந்தது. எல்லாவற்றையும் சொன்னேன்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும் மாமா?"

"டிசம்பர்ல."

"நான் ரெண்டாவது வாட்டி போட்டது ஜனவரில."

"ஆமா."

எழுந்துபோய், வீட்டை வாங்க இருந்தவருக்குப் போன் செய்து, "விக்கலீங்க" என்றான். பிறகு என்னைப் பார்க்காமலே, "நீங்க கெளம்புங்க" என்றான்.

வீடு தப்பியது. ஜெபத்துக்குக் கிடைத்த பதில் அதுதான். அன்று எனக்கு அப்படித் தெரியவில்லை. போன பணம் திரும்பவில்லை. ஏறக்குறைய நான்கு வருடம் அவன் எங்கள் வாசற்படி மிதிக்கவில்லை.

2011 கடைசியில் வந்த 'தானே' புயல் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டு ஓடுகளைப் பிடுங்கிப்போட்டது. மூன்றாம் நாள் வாசலில் ஜெயராஜ் நின்றான். தன் அக்காவின் பையை வாங்கிக்கொண்டான்.

"கெளம்புங்க மாமா. அங்க வூடு இருக்குல்ல." படி இறங்கும்போது திரும்பிக் கேட்டான்: "புயல் வரும்னு உங்க ப்ரோக்ராம் சொல்லலியா?"

விற்காமல் நின்ற அந்த வீட்டில்தான் ஒன்றரை மாதம் இருந்தோம்.

இன்றும் நிரல் எழுதுகிறேன். முதலில் மற்றவர்களுக்குக் காட்டுகிறேன். கர்த்தருடைய பெயரை அதில் ஒட்டுவதில்லை. உங்களில் யாராவது ஒன்றை மறைத்துக்கொண்டு ஜெபிக்க முடியாமல் இருந்தால், பெரிய ஜெபம் வேண்டாம். வாய் திறக்க மட்டும் கேளுங்கள். நான் மூன்று மாதம் தாமதமாகக் கேட்டேன். அப்போதும் கொடுத்தார்.